பயிற்சிக் கண்ணாடி வாங்க முதல், பதிவு எங்கே போகுது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், வடக்கில் தொழிற்பயிற்சிக்கு விஆர் கண்ணாடிகள், அதாவது முகத்தில் போட்டால் வேறொரு இடத்தில் நிற்கிற மாதிரியே காட்டுகிற கருவிகள், வரப்போகின்றன என்ற செய்தியை வாசித்தேன். சந்தோஷமான செய்திதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியைப் போடுகிற பிள்ளையைப் பற்றி அது என்னென்ன எழுதி வைக்கும், அந்த எழுத்து எங்கே போய்ச் சேரும், யார் அதைப் பார்ப்பார்கள் என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இடம் போதாவிட்டால் வேறு எதை வெட்டினாலும் பரவாயில்லை, கீழே வருகிற பெடியனின் கதையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் 31 வருடம் மின்சார வேலை பார்த்தவன். கம்பத்தில் ஏறித் தொடங்கி, உபமின்நிலையத்தில் சுவிட்ச்சிங், அதாவது லைன்களை நிற்பாட்டித் திரும்ப ஏற்றுகிற வேலை, பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு, அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள், வேலை சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பலகையில், ஓடுகிற கரண்டை வெட்டுகிற பழைய பிரேக்கர் ஒன்றையும், வெட்டிய லைனைப் பிரித்து வைக்கிற ஐசலேட்டரின் கழற்றிய கைபிடி ஒன்றையும் பூட்டி வைத்திருக்கிறேன், அதில்தான் கை பழகுகிறார்கள்.

இந்த வேலையில் கைப்பலத்தைவிட வரிசைதான் முக்கியம். முதலில் பிரேக்கரைத் திறக்க வேண்டும், பிறகு ஐசலேட்டரை, பிறகு லைனில் உண்மையிலேயே கரண்ட் இல்லையா என்று டெஸ்டரால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் லைனை நிலத்தோடு தொடுத்து எர்த் போட வேண்டும், வேலைக்கான அனுமதித் தாள், பெர்மிட், கையெழுத்தான பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது ஐசலேட்டரை இழுத்தால் ஆர்க் என்கிற மின்தீப்பொறி அடிக்கும், அந்த வெளிச்சத்தை ஒருதரம் பார்த்தவன் பிறகு கண்ணை மூடினாலும் அதுதான் தெரியும். கரண்ட் இருக்கிற பக்கத்துக்கு எர்த்தை மூடினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுக்க மணிக்கணக்கில் இருட்டில் கிடந்ததே, அது கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த ஒரு பிழையில் தொடங்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் குரங்கு ஒன்று உபமின்நிலையத்துக்குள் போய் நாடே இருண்டபோது எல்லாரும் குரங்கைப் பற்றித்தான் கதைத்தார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க, விழுந்த மின்வலையை ஒவ்வொரு பிரேக்கராகப் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் நினைவாகவே இருந்தது. அந்த வேலையைப் பழகுவதற்கு நாட்டை இன்னொருதரம் இருட்டாக்கிப் பார்க்க முடியாதே.

நாங்கள் பழகியது உயிருள்ள லைனில். என்னோடு சேர்ந்தவன் ஒருவன், 22 வயது, நல்ல கெட்டிக்காரன், ஒருநாள் காலையில் பக்கத்து ஃபீடர் லைனை நிற்பாட்டிவிட்டார்கள் என்று நம்பிக் கையை வைத்துவிட்டான். மயிர் கருகுகிற மணம், பிறகு ஏணி சரிந்த சத்தம், இரண்டும் இன்னும் எனக்குள் இருக்கிறது. உயிர் தப்பினான், வலது கையில் இரண்டு விரல் போனது, மிச்சச் சேவைக்காலம் முழுவதும் ஸ்டோர்ஸில் பதிவேடு எழுதினான். அவனுக்கு அந்தப் பிழையைச் செய்து பார்க்க வேறொரு இடம் இருந்திருந்தால் என்று நான் எத்தனையோதரம் நினைத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

பிழையைச் செய்து பார்ப்பதற்கென்று தனியாக ஒரு இடம் வேண்டும் என்பது விமானிகள் பிணம் கொடுத்துக் கற்ற பாடம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தகப்பனின் பியானோ, ஓர்கன் செய்கிற தொழிற்சாலையில் வளர்ந்தவர், எங்கட ஆர்மோனியத்துக்குள் இருக்கிறதைப் போன்ற துருத்திகளை வைத்தே 1929 அளவில் ஆடி அசைகிற ஒரு விமானப் பெட்டியைச் செய்தார். முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். 1934இல் அஞ்சல் கொண்டு பறந்த இராணுவ விமானிகள் கெட்ட வானிலையில் அடுத்தடுத்துச் செத்த பிறகுதான் அமெரிக்க இராணுவம் ஆறு பெட்டி வாங்கியது, இரண்டாம் உலகப்போர் முடிகிறபோது அதில் பழகிய விமானிகள் ஐந்து இலட்சத்துக்கு மேல். இன்றைக்கு அந்தப் பெட்டி முகத்தில் போடுகிற கண்ணாடியாகச் சுருங்கிவிட்டது. 2021இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, சுவிஸ் நிறுவனம் ஒன்றின் விஆர் ஹெலிகொப்டர் சிமுலேட்டரை முதன்முறையாக ஏற்று, அதில் செலவழிக்கிற நேரத்தைப் பயிற்சி நேரமாகக் கணக்கெடுக்கலாம் என்றது. முழுதாக வேறு உலகத்தைக் காட்டினால் விஆர், கண்ணுக்கு முன்னால் நிற்கிற உண்மையான இயந்திரத்தின் மேலே குறிப்புகளைக் காட்டினால் ஏஆர், இரண்டையும் கலந்தால் எம்ஆர், எல்லாவற்றுக்கும் சேர்த்து எக்ஸ்ஆர் என்கிறார்கள். பெயர் எப்படிப் போனாலும் வேலை ஒன்றுதான்.

சரி, இனிப் பெடியனின் கதை.

சில மாதங்களுக்கு முதல் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் ஒரு கொம்பனி பயிற்சி முகாம் வைத்தது. கொம்பனியின் பெயரை எழுதவில்லை, அவர்களைத் தனியாகப் பிடித்துத் தண்டிக்கிறது என் நோக்கம் இல்லை. ஆறு கண்ணாடி கொண்டுவந்தார்கள். என் மாணவர்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு டப்லெட்டைக் கையில் கொடுத்து ஒப்புதல் படிவம் என்றார்கள், முழுக்க ஆங்கிலம், கீழே போகப்போக முடியவே இல்லை, பிள்ளைகள் ஒருவரும் வாசிக்கவில்லை, எல்லாரும் 'சம்மதம்' பெட்டியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். நானும் தொட்டேன், அதை மறைக்கவில்லை.

உள்ளே போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீலக் கையுறை போட்ட என் கை, முன்னால் ஒரு 132 கிலோவோல்ட் உபமின்நிலைய யார்ட், சரளைக்கல், ட்ரான்ஸ்ஃபோமரின் உறுமல், எல்லாம் அப்படியே. வேண்டுமென்றே பிழையாக ஐசலேட்டரை இழுத்துப் பார்த்தேன். கண் முன்னால் ஆர்க் வெடித்தது, நான் இரண்டடி பின்னால் போய்க் கதிரையில் இடித்துக்கொண்டேன், மற்றபடி ஒரு காயமும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பிழையை இங்கே செய்யட்டும், வெளியில் செய்யவேண்டாம் என்று அந்த இடத்திலேயே நினைத்தேன்.

பிறகு அராலிப் பக்கத்துப் பெடியன் ஒருவன், என்னிடம் ஒன்றரை வருடமாக வருகிறவன், போட்டான். அவன் பார்க்கிறதை ஒரு பெரிய திரையில் எங்களுக்கும் காட்டினார்கள். பிரேக்கரைத் திறந்தான், ஐசலேட்டரைத் திறந்தான், டெஸ்டரை எடுத்தான், எடுத்த உடனே லைனில் வைக்காமல் திரும்பிப் பக்கத்தில் கரண்ட் இருக்கிற இடம் ஒன்றைத் தேடினான். நான் படிப்பித்தது அது. டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார், பிறகு உன் லைனில் வை, பிறகு மீண்டும் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார், ஏனென்றால் டெஸ்டர் பழுதாகிக் கிடந்தால் உயிருள்ள லைனையும் செத்த லைன் என்றுதான் காட்டும். இது நானாகக் கண்டுபிடித்ததில்லை, உலகம் முழுக்க மின்சாரக்காரர் செய்கிற முறை. அந்தப் புரோகிராமை எழுதியவருக்கு இந்தப் படி தெரியவில்லைபோல, அப்படி ஒரு இடமே அதில் வைக்கவில்லை. பெடியன் கையை நீட்டினான், எடுத்தான், தலையைத் திருப்பினான், மறுபடி தேடினான். கடைசியில் வேறு வழியில்லாமல் அவர்கள் வைத்திருந்த வரிசைப்படி முடித்தான்.

முடிந்த உடனே திரையில் புள்ளி வந்தது. வரிசை சரி. ஆனால் 'தயக்கம்' என்ற இடத்தில் சிவப்புக் கோடு, 'கவனச் சிதறல்' என்ற இடத்திலும் சிவப்புக் கோடு, கண் எங்கெங்கே போனது என்று ஒரு படம், கை எத்தனை தரம் நடுங்கியது என்று இன்னொரு படம். எல்லாம் மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் முன்னால். முன்வரிசையில் ஆட்கள் எடுக்க வந்திருந்த வேறொரு நிறுவனத்து அலுவலர் இருந்தார், அவர் தன் கொப்பியில் ஏதோ எழுதினார். இரண்டு கிழமை கழித்து மற்ற நாலு பேருக்கும் வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது, இவனுக்கு வரவில்லை. போன் எடுத்துக் கேட்டதுக்கு, பயிற்சி அறிக்கையில் தன்னம்பிக்கை குறைவு என்று இருக்கிறதாம். என்னிடம் வந்து, "சேர், நான் டெஸ்டரைத் திருப்பிப் பார்த்தது பிழையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடித்தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கண்ணாடியைச் சும்மா ஒரு டிவி மாதிரி நினைக்கக்கூடாது. டிவியை நாங்கள் பார்க்கிறோம், இது எங்களையும் பார்க்கிறது. அதன் முன்னால் இருக்கிற கமராக்கள் அறையின் சுவர், கதவு, மேசை எல்லாவற்றையும் அளந்துதான் ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கின்றன. உள்ளே கண்ணைப் பார்க்கிற கமரா இருக்கிற மாதிரிகளும் உண்டு. தலையும் இரண்டு கையும் ஒரு நொடிக்குள் பலதரம் அளக்கப்படுகின்றன. பெயரை எடுத்துவிட்டுத்தான் சேமிக்கிறோம், பயப்படாதீர்கள் என்று சொல்வார்கள், அதையும் நம்பிவிட முடியாது. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 511 பேரை விஆர் வீடியோ பார்க்கவைத்து, ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த அசைவுப் பதிவை மட்டும் எடுத்து, அதை வைத்தே 95 வீதம் சரியாக இன்னார் என்று கண்டுபிடித்தார்கள். 2023இல் கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வாளர்கள் ஒரு விஆர் விளையாட்டை விளையாடிய 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களில், 100 செக்கன் அசைவைக் கொண்டே 94 வீதத்துக்கு மேல் சரியாக ஆளைப் பிடித்தார்கள். தூரத்தில் சைக்கிளில் வருகிறவர் இன்னார் என்று நடையையும் தோளையும் வைத்து நாங்கள் சொல்லிவிடுகிறோமே, அதைத்தான் மெஷினும் செய்கிறது, ஆனால் அது மறக்காது.

மண்டபத்தில் இருந்த பயிற்றுநர், நல்ல மரியாதையான இளைஞர், அவரிடம் கேட்டேன், தம்பி இதெல்லாம் எங்கே போகுது என்று. "எல்லாம் கிளவுட்டில இருக்கு சேர், பயமில்லை" என்றார். கிளவுட் என்றால் வேறெங்கோ இருக்கிற கணினிதானே, அது எந்த நாட்டில் என்று கேட்டேன், தெரியவில்லை. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்றேன், அதுவும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னேரம் மூன்று மணிபோல மண்டபத்தில் வைஃபை விழுந்தது, விழுந்த அதே நிமிடம் ஆறு கண்ணாடியும் நின்றுவிட்டன, திரும்ப லொகின் கேட்டன. உபமின்நிலையம் காட்டுகிற ஒரு பயிற்சி, எங்கோ இருக்கிற கணினி இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடாது என்றால், எங்கள் பிள்ளைகளின் அசைவும் அங்கே போகக்கூடும் என்று விளங்கிக்கொள்ள நான் இன்ஜினியராக இருக்கத் தேவையில்லை.

இது பிள்ளையின் அந்தரங்கத்தோடு மட்டும் நிற்கிற விஷயமும் இல்லை. பயிற்சிக்காக ஒரு உபமின்நிலையத்தை அச்சொட்டாக 3டியில் செய்து, எந்த பிரேக்கர் எங்கே, எந்த வரிசையில் திறப்பது, ஆபரேட்டர் எந்த இடத்தில் பிழை விடுவார் என்றெல்லாம் சேர்த்து வைத்தால், அந்த ஃபைலே ஒரு திறப்புக் கோர்வை. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேனில் திருடிய கடவுச்சொற்களோடு மின்விநியோக நிறுவனங்களின் கணினிக்குள் நுழைந்தவர்கள், தூரத்தில் இருந்தபடி பிரேக்கர்களைத் திறந்து இரண்டேகால் இலட்சம் அளவு வாடிக்கையாளர்களை இருட்டாக்கினார்கள். அவர்கள் அதற்கு முதல் மாதக்கணக்கில் உள்ளே இருந்து பழகியிருந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு அவர்கள் படித்ததை நாங்கள் படமும் ஒலியுமாகச் செய்து, பாஸ்வேர்டுகூட ஒழுங்கில்லாத ஒரு கிளவுட்டில் போட்டு வைக்கலாமா?

இராணுவங்களுக்கு இந்தப் பயம் எப்போதோ வந்துவிட்டது. ஸ்ட்ராவா என்று ஓட்டம், சைக்கிள் ஓட்டம் பதிகிற செயலி, 2017 நவம்பரில் உலகம் முழுக்க ஆட்கள் ஓடிய பாதைகளை ஒளிர்கிற ஒரு வரைபடமாக வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு அவுஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்துவிட்டு, பாலைவனத்தின் நடுவே ஒளிர்கிற சின்னச் சின்ன வட்டங்கள் இராணுவ முகாம்கள், அங்கே சிப்பாய்கள் காலையில் ஓடிய பாதைகள் என்று சொன்னார். ஒருவரும் ஒரு இரகசியத்தையும் திருடவில்லை, உடற்பயிற்சிக்குப் போட்ட கைப்பட்டிதான் முகாமைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே பாதுகாப்பு வேலைக்கென்று செய்கிற எக்ஸ்ஆர் கருவிகளில் இப்போது வேறு கவனம் எடுக்கிறார்கள். பின்லாந்தின் வார்யோ நிறுவனம் வைஃபை, புளூடூத் மாதிரியான ரேடியோ எதுவுமே இல்லாத பதிப்பை விற்கிறது, வயரில் கணினியோடு பூட்டி, அந்தக் கணினியை இன்டர்நெட்டிலிருந்து முழுதாகத் துண்டித்து வைத்துப் பாவிக்கலாம். பதிவுகள் பூட்டிய வன்தட்டில் இருக்கும், யார் எப்போது திறந்தார் என்று தனிக் கணக்கு இருக்கும், பயிற்றுநருக்கு ஒரு அளவு, மேலதிகாரிக்கு ஒரு அளவு, வெளியாருக்கு ஒன்றும் இல்லை. சாதாரண மின்சாரப் பயிற்சிக்கும் இதே பூட்டு பொருந்தும், இதில் இராணுவத்துக்கு மட்டும் உரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

காசு கூடக் கொட்டினால் எல்லாம் சரிவரும் என்றும் இல்லை. அமெரிக்க இராணுவம் 2021இல் மைக்ரோசொஃப்ட்டோடு பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 22 பில்லியன் டொலர் வரைக்கும் போகக்கூடிய ஒப்பந்தம் போட்டது, சிப்பாய்க்குக் களத்திலும் பயிற்சியிலும் போட ஒரு கண்ணாடி. போட்டுப் பார்த்த சிப்பாய்களுக்குத் தலையிடி, கண்வலி, குமட்டல். 2025இல் அந்தத் திட்டம் ஆண்டுரில் என்ற வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதே மைக்ரோசொஃப்ட் 2024இல் தன் ஹொலோலென்ஸ் 2 கண்ணாடி செய்வதையே நிறுத்தியது. மெட்டாவும் 2020 ஒக்டோபரில், அப்போது அதன் பெயர் ஃபேஸ்புக், தன் விஆர் கருவியைப் புதிதாக வாங்குகிறவர்கள் ஃபேஸ்புக் கணக்கோடுதான் உள்ளே வரவேண்டும் என்று சொல்லி, இரண்டு வருடம் கழித்து மாற்றிக்கொண்டது. தயாரிக்கிறவர் நினைத்தால் கதவை மூடலாம், பூட்டை மாற்றலாம். அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் எங்கள் பிள்ளைகளின் பதிவை வைத்துவிட்டு வெளியில் நின்று தட்டிக்கொண்டிருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்குப் பதிவு என்ற சொல் புதிதில்லை. 1995க்கு முதல் குடாநாட்டை விட்டு வெளியில் போக ஒரு பாஸ், பிறகு ஆட்சி மாறி வேறொரு பாஸ், 2006இல் ஏ9 வீதி மூடிய பிறகு கிளியரன்ஸ் இல்லாமல் கப்பல் ஏற முடியாது. ஒரு தாளில் ஒருவரின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதில் உயிர் தொங்கிய காலம் ஒன்று இருந்தது, ஒரு தரப்பு மட்டும் என்றில்லை, எல்லாரும் எழுதினார்கள். அதைக் கண்ட தலைமுறைதான் இன்றைக்கு டப்லெட்டில் வாசிக்காமல் 'சம்மதம்' தொடுகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெயரும் விலாசமும் எழுதிய தாளையாவது எரிக்கலாம், ஒளிக்கலாம், ஒருவரின் கண் எப்படி ஓடுகிறது, கை எப்போது நடுங்குகிறது என்ற பதிவை எப்படி ஒளிப்பது? வேறு பெயரில், வேறு ஊரில், வேறு கண்ணாடியைப் போட்டாலும் அது அவரைத்தானே காட்டும்.

இராணுவப் பயிற்சிக் கருவி என்று சொன்னாலே எங்கட ஊரில் முகம் சுழிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்கு விளங்கும். ஆனால் அதே கருவியால் பிழைக்கக்கூடிய உயிர்கள் இங்கேயே இருக்கின்றன. என் தங்கச்சியின் மகள் முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறாள், ஏழு வருடமாகிறது. முழங்காலில் இருந்து, முகக்கவசம் போட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணை இரேக்கால் மெல்ல மெல்ல இழுக்கிற வேலை. பி4, ஜொனி என்று அவள் வெடிகளின் பெயரை வெங்காய வகை சொல்கிற மாதிரிச் சொல்வாள். அவளிடம் இந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். "மாமா, வெயிலையும் முழங்கால் நோவையும் அது காட்டாது, மண்ணின் இறுக்கமும் கைக்கு வராது. ஆனா முதல்தரம் வெடியின்ர விளிம்பு தெரியிறபோது நெஞ்சு அடிக்கிறது இருக்கே, அதை அங்க ஒருக்கா அடிச்சு முடிச்சிட்டு இங்க வந்தா நல்லம்" என்றாள். எந்தப் பெரிய நிபுணரும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள், அந்த நெஞ்சு அடித்த பதிவு ஒரு கம்பனியின் கையில் இருந்து, பத்து வருடம் கழித்து அவள் வேறு வேலைக்கோ காப்புறுதிக்கோ போகும்போது எடுத்துக் காட்டினால்? குடும்பத்தில் உழைக்கிற ஒரே ஆளாக அங்கே முழங்காலில் நிற்கிற பெண்கள் எத்தனை பேர்.

ஆகவே இந்தக் கண்ணாடிகளை வாங்கப்போகிற மாகாண சபை அதிகாரிகளுக்கும், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும், காசு கொடுக்கிற வெளிநாட்டு உறவுகளுக்கும் நான் கேட்கிறது இதுதான். காசு கைமாற முதல் ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள், பயிற்சி இன்டர்நெட் இல்லாமல் ஓட வேண்டும், பதிவு இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற கணினியிலேயே இருக்க வேண்டும், பாடம் முடிந்து இத்தனை நாளில் அழிக்கப்படும் என்று திகதியோடு இருக்க வேண்டும். காட்டிப் பார்க்கும் நாளில் வைஃபையைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் இருக்கிறது என்று பளபளப்பான தாளை நீட்டுவார்கள், நல்லது, ஆனால் அது அந்த நிறுவனத்தின் எந்தப் பகுதிக்கு எடுத்த சான்றிதழ் என்று கேளுங்கள், தலைமை அலுவலகத்துக்கு எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். கற்கிறவர் விட்ட பிழை கற்பிக்கிறவரோடு நிற்க வேண்டும், ஆள் எடுக்க வருகிறவருக்குத் தேறினாரா இல்லையா என்பது மட்டும் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, உடலை வைத்து ஆளை அடையாளம் காண்கிற தரவுக்கு அதில் விசேஷ கவனம் உண்டு, அழிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமையும், மெஷின் மட்டும் எடுத்த முடிவை மறுபடி பார்க்கச் சொல்லுகிற உரிமையும் அதில் எழுதியிருக்கிறது. அதைத் தமிழில் அச்சடித்துப் பயிற்சி வாசலில் ஒட்டுங்கள்.

மொழியையும் விடாதீர்கள். அன்றைக்குக் கண்ணாடிக்குள் கேட்ட குரல் முழுக்க ஆங்கிலம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆளி, புவித்தொடுப்பு என்று படித்த பிள்ளை, வேலைக்களத்தில் சுவிட்ச், எர்த் என்று கேட்கிறது. இரண்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்துதான் தமிழ்க் குரலைச் செய்ய வேண்டும், கணினி மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டால் ஆபத்து. எர்த்தை 'பூமி' என்று சொல்லிக் கேட்கிற பெடியன் ஒரு செக்கன் யோசிப்பான், அந்த ஒரு செக்கனையும் மெஷின் தயக்கம் என்று எழுதும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளால் இப்படி ஒரு பயிற்சியை யூனிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் ஒரே கணினியில் ஓடுகிற அளவுக்குச் செய்ய முடியாதா? உண்மையான உபமின்நிலையத்தைப் படமெடுக்கத் தேவையில்லை, எங்கும் இல்லாத ஒரு கற்பனை யார்ட்டை வரைந்தால் போதும், வரிசை ஒன்றுதானே, இரகசியமும் வெளியில் போகாது. டெஸ்டரை உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்க்கிற படியை நானே வந்து பக்கத்தில் இருந்து சொல்லித் தருவேன், பஸ் காசுகூட வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பட்டரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, இந்த வேலைக்கு வேண்டிய மூளை இங்கே இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

அந்தப் பெடியன் இப்போதும் பின்னேரம் வருகிறான். வேறு இடத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாள்சம்பளத்துக்குப் போகிறான், டெஸ்டரை இன்னும் மூன்று தரம் வைத்துத்தான் பார்க்கிறான். அவனும் நானும் சேர்ந்து, அவனுடைய அன்றைய பதிவைக் காட்டச் சொல்லியும், பிறகு அழிக்கச் சொல்லியும், அந்தக் கொம்பனிக்குப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பி நாளையோடு ஒன்பது கிழமை. பதில் வந்தால் உங்களுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்சார ஊழியர்,
கொக்குவில்.